கல் வளையமா, ஸ்டீல் உருளையா? மிச்சிகன் கொல்லையில் எங்கள் ஃபயர் பிட்

கொல்லையில் தீ மூட்டிச் சுற்றி உட்கார ஒரு ஃபயர் பிட் கட்டலாமா, கடையில் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது கொல்லையின் அளவைத்தான். கல்லின் நிறம், வடிவம் எல்லாம் அப்புறம். பல அமெரிக்க நகரங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் ஃபயர் கோடு என்ற தீப் பாதுகாப்பு விதிகளின்படி, திறந்தவெளியில் மூட்டும் விறகுத் தீ வீட்டிலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும். எரியும் விறகு 3 அடி விட்டத்தையும் 2 அடி உயரத்தையும் தாண்டக் கூடாது. இது ஊருக்கு ஊர் மாறும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் விதி தனி. டேப்பை எடுத்து வீட்டுச் சுவர், மரவேலி, தாழ்ந்த கிளை என்று எல்லாவற்றிலிருந்தும் அளந்து பாருங்கள். வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை அடித்த சுவர் தீப்பிடிக்க வேண்டும் என்றில்லை, சூடு பட்டாலே நெளிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் கல் கட்டுகிற பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

நாங்கள் இருப்பது டெட்ராய்டுக்கு மேற்கே, கேன்டன் பக்கம். கல் வளையம் கட்டி ஆறேழு குளிர்காலம் ஓடிவிட்டது. நண்பர் வீட்டில் இரட்டைச் சுவர் ஸ்டீல் உருளை இருக்கிறது, பக்கத்து வீட்டில் நடுவே கேஸ் தீ எரியும் புரொப்பேன் மேசை. மூன்றையும் சுற்றி நிறைய நேரம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடம் இருக்கிறவர்களுக்குக் கல் வளையம்தான் சரி.

புரொப்பேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குமிழைத் திருகினால் தீ வரும், புகை கிடையாது, சாம்பல் கிடையாது. மணிக்கு 50,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வேகத்தில் எரித்தால் 20 பவுண்டு சிலிண்டர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்க நல்லது. நவம்பர் குளிருக்கு அது போதாது.

ஸ்டீல் உருளை கெட்டிக்காரத்தனமான சாமான். அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. அதில் ஒரு பங்கு இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகி, விளிம்புக்குக் கீழே இருக்கும் துளைகள் வழியாகத் திரும்பத் தீக்குள் வருகிறது. எரியாமல் புகையாகப் போக வேண்டிய வாயு அங்கே எரிந்துவிடுகிறது. இருட்டில் பார்த்தால் அந்தத் துளைகளிலிருந்தே சின்னச் சின்னச் சுடர் வருவது போல் தெரியும், அவ்வளவு அழகு. ஆனால் விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேல் துளைகளை மறைத்து அடுக்கக் கூடாது, உருளை சூடேறும் வரை புகை இருக்கத்தான் செய்யும். இன்னொன்று, வெப்பம் பெரும்பாலும் நேரே மேலே போகிறது. முகத்துக்கு இதமாக இருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே குளிர் ஏறும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் மைனஸ் 12 செல்சியஸில் உட்கார்கிற எங்களுக்கு அது பெரிய குறை. வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒருவேளை அதுவே வசதியாக இருக்கலாம்.

சரி, கல் வளையம். தோண்டுவதற்கு முன்னால் 811 என்ற எண்ணுக்கு ஃபோன் பேசி, மண்ணுக்குள் போகிற கேஸ் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் குறித்துத் தரச் சொல்ல வேண்டும். அது இலவசம். குழி என்றவுடன் இரண்டடி ஆழம் வெட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தீ பள்ளத்துக்குள் போய்விட்டால் காற்றும் இறங்காது, காலுக்குச் சூடும் வராது. முக்கால் அடி வெட்டி, அதில் அரையடிக்கு மேல் உடைத்த ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினோம். தீ எரியும் தரை கிட்டத்தட்ட புல்தரை மட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் மூன்று வரிசை கான்கிரீட் பிளாக், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம்.

கட்டும்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முதல் வரிசையை இடைவெளி இல்லாமல் வட்டமாக அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அடுப்புன்னா வாய் வேணுமில்ல? இதுக்கு எங்க வெச்சிருக்க?" என்றார். உள்ளே போடவிருந்த ஸ்டீல் வளையத்தின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துளைகள் இருந்தன. கல் அவற்றை அடைத்தால் அந்தத் துளைகளால் என்ன பயன்? அடி வரிசையில் நாலு இடத்தில் இரண்டு விரல் அகலம் இடைவெளி விட்டு அடுக்கினோம், துளைகளுக்கு நேராக. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரு வாய் அதைப் பார்த்தபடி இருக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் தீ விசிறாமல் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அந்த நாலு இடைவெளிதான்.

பிளாக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசவில்லை. இங்கே மண்ணிலுள்ள ஈரம் உறைந்து தரையையே தூக்கும். வீட்டு அஸ்திவாரத்தை 42 அங்குலம் இறக்கச் சொல்வதே அதற்காகத்தான். பூசியிருந்தால் முதல் குளிர்காலத்திலேயே வெடிப்பு விட்டிருக்கும். சும்மா அடுக்கியதால், ஏப்ரலில் ஒன்றிரண்டு கல் நகர்ந்திருந்தாலும் ரப்பர் சுத்தியலால் தட்டிச் சேர்த்துவிடுகிறோம். ஆற்றுக் கூழாங்கல்லை மட்டும் தீக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். சாதாரண கான்கிரீட் பிளாக்கும் நேரடித் தீயில் பொரிந்து உதிரும், அதனால்தான் உள்ளே ஸ்டீல் வளையம். வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவே சிறிது இடம் விடுங்கள்.

அந்த வளையத்தின் எமன் தண்ணீர். சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் சேறாகி, இரும்பை அடியிலிருந்து அரித்துக்கொண்டே வரும். எங்கள் பகுதிக் களிமண்ணில் மழைத் தண்ணீர் லேசில் இறங்காது. ஜல்லிப் படுக்கை அதற்கும் சேர்த்துத்தான். மூடி போட்டால் மட்டும் போதாது, நன்றாக ஆறியதும் சாம்பலை அள்ளிவிட வேண்டும். கடையில் தகடு மாதிரி மெல்லிய வளையம் மலிவாகக் கிடைக்கும், அது துருப்பிடித்துப் பொத்தலாக அதிக நாள் ஆகாது. மூன்று மில்லிமீட்டர் கனமாவது பார்த்து வாங்குங்கள். கல்லில் மிச்சம் பிடித்து இதில் போடலாம்.

விட்டத்தை யோசித்து முடிவு செய்யுங்கள். ஆசைக்குப் பெரிதாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் அந்த அகலத்துக்கு விறகு தின்னும். ஆறு பேர் உட்கார உள்விட்டம் 30 அங்குலம் தாராளம். நாற்காலி, வளையத்தின் விளிம்பிலிருந்து மூன்று நாலடி தள்ளிப் போக வேண்டும், பின்னால் ஆள் நடக்க வழி வேண்டும். ஆக மொத்தம் விட்டம் பதினாறு அடிக்குக் குறையாத வட்டம் வேண்டும்.

விறகு விஷயத்தில் எனக்குக் கண்டிப்பு உண்டு. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதலில் 2002-இல் கண்டறியப்பட்டது இதே டெட்ராய்ட் வட்டாரத்தில்தான். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அதனால் செத்தன. அது தூரதூரமாகப் பரவியதில் மனிதர்கள் வண்டியில் ஏற்றிப்போன விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. கேம்பிங் போன இடத்திலிருந்து விறகை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம், இங்கிருந்து கொண்டு போகவும் வேண்டாம். பக்கத்திலேயே வாங்குங்கள். இங்கே விறகை அடுக்கி அளக்கும் கார்டு என்ற அளவு உண்டு. ஃபேஸ் கார்டு கணக்கில் விற்பார்கள், முழு கார்டில் மூன்றில் ஒரு பங்கு. ஓக் நன்றாகக் காய இரண்டு வருடம் வரை ஆகும், ஆஷும் மேப்பிளும் சீக்கிரம் காயும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம். பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய டெக் மரம் எதையும் போடக் கூடாது. பழைய டெக் பலகையில் ஆர்சனிக் இருக்கும்.

புகை உங்கள் கொல்லையோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. தீ மூட்டுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவோம், அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். காற்று அவர்கள் பக்கம் அடித்தால் அன்றைக்குத் தீ கிடையாது. 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகை வந்து டெட்ராய்டின் வானமே மங்கிக் கிடந்தது. அந்த மாதிரிக் காற்றுத்தர எச்சரிக்கை நாட்களில் யாரும் மூட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தணலாகிவிட்டால் சமையலுக்கும் உதவும். பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோ. எனக்குச் சுட்ட கத்திரிக்காய். தணலுக்குள் புதைத்து, தோல் கருகிச் சுருங்கி, காம்புப் பக்கம் சாறு கொதித்து வழியும்போது எடுத்து உரித்தால் கொத்சுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கல் வளையத்தில் தணல் அகலமாகப் பரவிக் கிடப்பதால் கிழங்கு, சோளம் எல்லாம் ஒரே சமயத்தில் போடலாம். உருளையின் ஆழத்தில் கை விட்டு இதைச் செய்ய முடியாது.

படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. காலையில் சாம்பலை மூடி போட்ட தகர வாளியில்தான் எடுக்க வேண்டும். அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள், ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும்.