ஆட்டோமேட்டிக் ஃபிளாஷ் காலம் மெஷின்: ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

காலம் (column, சிலிகா தூள் நிரப்பிய குழாயில் கரைப்பானை ஓட்டிக் கலவையைப் பிரிப்பது) போட்டே என் காலம் போய்விடும் போலிருந்தது, அதனால் லேபுக்கு இந்த மெஷின் வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். எங்கள் வேலை மருந்து இன்டர்மீடியேட்டுகளை, அதாவது மருந்தாகும் வழியில் வரும் இடைப்பொருட்களை, கிராம் அளவில் செய்து சுத்தம் செய்வது. கம்பெனி பெயர் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையால் ஓட்டினால் அரை நாளைத் தின்றுவிடும் 2 கிராம் க்ரூட் (சுத்தம் செய்யாத சரக்கு) இதில் அரை மணி நேரத்தில் முடிகிறது. 80 கிராம் சிலிகா அடைத்த கார்ட்ரிட்ஜில் 1 கிராம் ஏற்றினால் பிரிப்பு அழகாக வரும், டிஎல்சியில் (சிலிகா பூசிய சின்னத் தகட்டில் செய்யும் முன்சோதனை) மாசு ஸ்பாட் நன்றாகத் தள்ளி நின்றால் 3, 4 கிராம்கூடத் தாங்கும்.

அடி வாங்கியது டிடெக்டரில். நாங்கள் வாங்கிய மாடலில் யூவி, அதாவது புற ஊதா ஒளியை உறிஞ்சும் சரக்கை மட்டும் பார்ப்பது, அது மட்டும்தான். ஒரு நாள் போக் (Boc) என்ற பாதுகாப்புக் குழு போட்ட பிப்பெரிடின் இன்டர்மீடியேட்டை ஏற்றினேன், மூன்று படி தாண்டி வந்த 4 கிராம். அதில் பென்சீன் வளையம் மாதிரி 254 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்ச எதுவுமே கிடையாது. திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது, மெஷினும் பீக் இல்லை என்று அத்தனையையும் வேஸ்ட் பாட்டிலுக்கு அனுப்பிவிட்டது. ராத்திரி வரை வேஸ்ட்டை ரோட்டாவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) போட்டு மீட்டேன், கூடவே போன வாரத்து மாசுகளும் வந்து சேர்ந்தன! விற்றவரைக் கேட்டால், "அதுக்கு இஎல்எஸ்டி தனியா வாங்கணும் சார்" என்கிறார். கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் துகளில் ஒளி சிதறுவதைப் பார்க்கும் டிடெக்டர் அது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது யூவியில் தெரியாத சரக்கு என்றால் எல்லாவற்றையும் டியூபிலேயே பிடித்து, டிஎல்சி தகட்டில் ஸ்பாட் வைத்து, அது கண்ணுக்குத் தெரிய பர்மாங்கனேட்டில் முக்கிப் பார்க்கிறேன்.

அப்புறம் அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள காரச் சரக்கு. சிலிகா லேசான அமிலம் என்பதால் அமீன்கள் ஒட்டிக்கொண்டு வால் இழுக்கும், கரைப்பானில் 1% டிரைஎத்திலமீன் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சரியாகக் கரையாத க்ரூட்டை ஊசியால் ஏற்றி ஒருமுறை பிரஷர் அலாரம் அடித்து நின்றது, செலைட் தூளில் கலந்து உலர்த்தி ஏற்றியதும் ஒழுங்காக ஓடியது.

மெஷினில் ஏற்கெனவே இருந்த மெத்தட் எல்லாம் ஹெக்சேன் கரைப்பானில். மருந்துத் தர விதிகளுக்கான சர்வதேச அமைப்பான ஐசிஹெச்சின் வழிகாட்டுதலில் மருந்தில் மிஞ்சும் ஹெக்சேனுக்கு வரம்பு 290 பிபிஎம், ஹெப்டேனுக்கு 5000. கடைசிப் படிகளுக்காவது ஹெப்டேனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கிரேடியன்ட்டை (ஓட்டத்தில் கரைப்பான் விகிதத்தை மாற்றும் வரிசை) அதிகம் திருத்த வேண்டியிருக்காது.

வாங்கலாமா என்றால், இஎல்எஸ்டியோடு சேர்த்து வாங்கலாம். கிலோ கணக்கில் செய்கிறவர்களுக்கு இது வேண்டாம், அந்த நேரத்தில் படிகமாக்க நல்ல கரைப்பானைத் தேடுங்கள்.