தஞ்சையில் கோ-வொர்க்கிங்: மாத வாடகையா, வருமானப் பங்கா?

மேசை, இன்டர்நெட்டோடு இருக்கைகளை மாத வாடகைக்கு விடும் பொது அலுவலக இடம்தான் கோ-வொர்க்கிங். அதை நடத்த மாடி எடுக்கும்போது, கட்டட உரிமையாளருக்கு நிலையான வாடகை தருவதா, வசூலில் பங்கு தருவதா என்பதே கேள்வி. 2,000 சதுர அடி மாடி, 40 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். இருக்கைக்கு மாதம் ₹3,500. கரண்ட், இன்டர்நெட், ஆள் சம்பளம், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் சேர்த்து மாதச் செலவு ₹40,000. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க கரண்ட் போகும் ஊரில் டீசலை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

சதுர அடி ₹25 வீதம் வாடகை ₹50,000 என்றால், 26 இருக்கை நிரம்பினால்தான் கையைக் கடிக்காது. வாடகைக்குப் பதில் வசூலில் 40 சதவீதம் உரிமையாளருக்கு என்றால் 20 இருக்கையே போதும். 36 இருக்கையை எட்டினால்தான் நிலையான வாடகை லாபம். தஞ்சை, கும்பகோணம் அளவு ஊரில் முதல் வருஷம் அது நடக்கிற காரியமில்லை.

பங்கு முறையில் தகராறு வருவது 'வசூல்' எது என்பதில். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து பில் ₹4,130 ஆகும், பங்கு ₹3,500-க்குத்தான். மீட்டிங் ரூம் வாடகை, டீ வசூல், திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் ஒவ்வொன்றும் சேருமா, சேராதா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உரிமையாளருக்குக் கணக்கில் சந்தேகம் வரும். குறைந்தபட்சத் தொகையாக ₹15,000 ஒப்புக்கொண்டால் பேச்சு சுலபமாகும்.

வாடகை முறையின் ஆபத்து வேறு. உள் அலங்காரத்துக்கு வாங்கிய கடன் 5 வருஷம், வாடகை ஒப்பந்தம் 11 மாதம். ஏசி, கேபிள், தடுப்பு எல்லாம் போட்டபின் காலி செய்யச் சொன்னால் தவணை மட்டும் மிஞ்சும். கடன் காலத்துக்குச் சமமாகப் பதிவு செய்த குத்தகை கிடைக்காவிட்டால், கழற்றி எடுத்துப்போகக்கூடிய மேசை, தடுப்புக்கு மேல் ஒரு ரூபாய் போடாதீர்கள்.