அங்குல லேத்தில் எம்எம் மரை: ஒன்பது வருட அனுபவம்

கோவையில் பம்ப் ஷாஃப்ட், ரிப்பேர் ஜாப் என்று ஓடுகிற சின்னப் பட்டறை எங்களுடையது. ஆறடி பெல்ட் லேத் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதன் லீட் ஸ்க்ரூ, அதாவது மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு, அங்குலத்துக்கு 4 மரை. வருகிற ஜாபோ பெரும்பாலும் எம்எம்.

இப்படி ஒரு லேத் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, மாற்று கியர் செட்டில் 127 பல் கியர் இருக்கிறதா என்று. 5 அங்குலம் சரியாக 127 எம்எம். அதனால்தான் அந்தக் கணக்கு. 4 மரை லீட் ஸ்க்ரூவுக்கு பிட்ச்சை (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, எம்எம்மில்) 20-ஆல் பெருக்கினால் ஓட்டும் கியரின் பல் கிடைத்துவிடும். 1.5 பிட்ச்சுக்கு 30, 2-க்கு 40, 2.5-க்கு 50. லீட் ஸ்க்ரூ பக்கம் எப்போதும் 127. இதை சாக்பீஸால் ஹெட்ஸ்டாக் மூடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்கிய புதிதில் ஒரு ஷாஃப்டை வீணாக்கினேன். EN8 ஸ்டீல், M20 (20 எம்எம் விட்டம்), 2.5 பிட்ச். மூன்று கட் நன்றாகப் போனது. அங்குல மரை போட்ட பழக்கத்தில் கட் முடிந்ததும் ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு கோர்க்கும் பிளந்த நட்) திறந்து, டூலைச் சுமக்கும் கேரேஜைக் கையால் பின்னுக்குத் தள்ளி, மறுபடி போட்டேன். டூல் பள்ளத்தில் இறங்காமல் மரையின் முதுகில் ஏறியது. ஒரே சுற்றில் பாதி மரை போய்விட்டது. 8, 12, 16 என்று நாலால் வகுபடும் அங்குல மரைக்கு ஹாஃப் நட்டை எங்கே போட்டாலும் பள்ளத்தில்தான் விழும். எம்எம்முக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் கட்டில் போட்ட ஹாஃப் நட், ஜாப் முடியும்வரை திறக்கக் கூடாது. டூலை உள்ளே வெளியே நகர்த்தும் க்ராஸ் ஸ்லைடை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்ப வேண்டும். ஜாபைப் பிடிக்கும் எங்கள் சக் மரையில் ஏறும் வகை. ரிவர்ஸில் வேகம் கொடுத்தால் கழன்றுவிடும். அதனால் வேகம் குறைக்கும் பேக் கியரில் மெதுவாகத்தான்.

ஃபினிஷ் மாறியது, க்ராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும் கம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி வைத்த பிறகு. நேராக உள்ளே கொடுத்தபோது டூலின் இரண்டு பக்கமும் வெட்டி, மரையின் சுவர் கிழிந்தாற்போல இருக்கும். க்ராஸ் ஸ்லைடு வாக்கிலிருந்து 29 டிகிரி சாய்த்துக் கொடுத்தால் முன்பக்கம்தான் வெட்டும். பின்பக்கம் லேசாகச் சீவிக்கொண்டே வரும். சுருள் ஒரே பக்கமாக உருண்டு விழுவதைப் பார்த்தாலே தெரியும். 2.5 பிட்ச்சுக்கு ஆழம் 1.53 எம்எம்; கம்பவுண்டில் சுமார் 1.75 வரை போகும். கடைசி இரண்டு கட் ஒன்றும் கூட்டாமல் அப்படியே ஓட்டுவேன்.

டூல் இன்றும் HSS (ஹை ஸ்பீட் ஸ்டீல்) தான், நானே கிரைண்டரில் பிடித்து, கேஜில் 60 டிகிரி பார்த்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்தது. இந்த மெதுவான வேகத்துக்கு கார்பைடு முனை உதிர்ந்துவிடுகிறது.

ஹாஃப் நட் மட்டும் தேய்ந்து ஒருமுறை மாற்றினேன். 127 பல் கியர் வாங்கிய நாளிலிருந்து அதேதான் ஓடுகிறது.