கமினோவும் கத்துகிற பையும்

செப்டம்பரில் கமினோ (ஸ்பெயினில் சான்டியாகோ நகர் வரை நடந்தே போகும் யாத்திரைப் பாதை) நடக்கப்போகிற நண்பர், "நீங்க கொண்டுபோன ரக்சாக் இப்போ விலை குறைஞ்சிருக்கே, வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். எந்த கம்பெனி என்பதை விட்டுவிடுவோம். 36 லிட்டர், பை முதுகில் படாமல் வலையை இழுத்துக் கட்டிய ரகம். மற்ற விவரமெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருப்பார்கள். போடாத ஒன்று உண்டு: அது கத்தும்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிறீச். பிரான்ஸ் பக்கத்து ஊரான சான் ழான் பியே தெ போரிலிருந்து பைரனீஸ் மலை ஏறும்போது காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ரோன்செஸ்வாயெஸ் தாண்டி மரங்களுக்குள் நுழைந்ததும்தான் ஆரம்பித்தது. பின்னால் யாரோ பழைய சைக்கிளில் வருகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் வரவில்லை.

முதுகுச் சட்டத்தின் கம்பி, இடுப்புப் பட்டைக்குள் செருகியிருக்கும் இடம்தான் காரணம். வியர்வை உப்பும் பாதைத் தூசியும் அங்கே சேர்ந்து காய்ந்துவிட்டால் போச்சு. பர்கோஸுக்கும் லியோனுக்கும் நடுவில் மெசேட்டா சமவெளி, கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல். கரியோன் தெ லோஸ் கோந்தேஸை விட்டுக் கிளம்பினால் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது (தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்). அத்தனை தூரமும் கிறீச், கிறீச். கூட நடந்தவர்கள் ரொம்ப மரியாதையாக வேகத்தைக் கூட்டி முன்னால் போய்விட்டார்கள். கொப்புளம் வராமலிருக்கக் காலில் பூசும் வாசலினைத் தடவினால் அரை நாள் அமைதி, பிறகு அதுவே தூசியைச் சேர்த்துக்கொண்டு இன்னும் மோசம். மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்ப்பது தேவலை.

யாத்ரிகர்கள் தங்கும் விடுதியான ஆல்பெர்கேயில் கொடுமை வேறு மாதிரி. இரவு பத்துக்கு விளக்கணைத்து, காலை எட்டுக்குள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் ஆட்கள் ஐந்தரைக்கே எழுந்துவிடுவோம். இருட்டில் முப்பது பேர் தூங்கும் அறைக்குள் இந்தப் பையை மாட்டினால் என்ன ஆகும்? கையில் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து மாட்ட வேண்டியதுதான். எந்தப் பையானாலும் ராத்திரியே கட்டிவைத்துவிடுங்கள். கட்டில்மேல் மட்டும் வைக்காதீர்கள், மூட்டைப்பூச்சி பயம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். முதுகு நனையவே இல்லை. இரண்டே சட்டையோடு போகிறவனுக்கு இது பெரிய விஷயம். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மற்றதில் மாலை முழுக்க நாற்றமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். எல் அசேபோவிலிருந்து மோலினாசேக்காவுக்குச் சரளைக்கல்லில் இறங்கும்போதுகூடப் பை இப்படி அப்படி ஆடவில்லை. ஆனால் வலைக்காக விட்ட இடைவெளி பாரத்தை முதுகிலிருந்து தள்ளி வைக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்வார்களே, அதைத் தாண்டினால் தோளைப் பின்னுக்கு இழுக்கும். கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள், தூங்கும் பை அடியில் போகட்டும்.

கூடவே வருகிற மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே ஒரு கெட்டியான குப்பைப் பை, வெளியே ஆளையும் பையையும் சேர்த்து மூடுகிற பொன்சோ, அது போதும். பாதையின் கடைசிப் பகுதியான கலீசியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், நனைந்த பை கத்தவில்லை! சாரியாவிலிருந்து சான்டியாகோ வரை நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் நான் சொட்டச் சொட்ட, பரம சந்தோஷமாக நடந்தேன்.

போன வாரம் உடைந்த இடுப்பு பக்கிளை மாற்றப் பை தைப்பவரிடம் கொடுத்தேன். கேட்காமலேயே அந்தக் கம்பி முனையில் ஒரு தோல் துண்டைச் செருகிக் கொடுத்தார். சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு துண்டுத் தோலில் முடிகிற வேலை, இத்தனை விலை வாங்கியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். முதுகோடு ஒட்டி உட்காரும் சாதாரணப் பை ஒன்றை, நீங்கள் கொண்டுபோகப் போகிற பாரத்தை உள்ளே வைத்து, கடையிலேயே மாட்டி நடந்து பார்த்து வாங்குங்கள். அப்படியென்றால் என்னுடையதை இரவல் தர முடியுமா என்கிறார். அதுவும் முடியாது. போர்த்தோவிலிருந்து கிளம்பும் போர்ச்சுகல் வழி பாக்கி இருக்கிறது, அதற்கு எனக்கு இந்தப் பைதான் வேண்டும்.