கடற்படைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு விற்கிற 'பூட் கேம்ப் கிட்': 5க்கு 2

அமெரிக்கக் கடற்படையில் சேருகிறவர்களுக்கு என்று ஆன்லைனில் விற்கிற கிட் ஒன்றை, அக்கா மகனுக்கு நண்பர் ஒருவர் பரிசாக அனுப்பியிருந்தார். விற்பவர் யார் என்பது முக்கியமில்லை, இதே மாதிரிப் பெட்டியைப் பலரும் விற்கிறார்கள். அவன் கிளம்புவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது முகாமுக்குள் போகுமா போகாதா என்று பார்த்தோம்.

பெட்டியில் பாதி துணி. பனியன், சாக்ஸ், டவல். தரத்தில் குறை சொல்ல மாட்டேன், துணி கனமாகவும் தையல் நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் ஒரே ஆரம்பப் பயிற்சி முகாம் (இதைத்தான் பூட் கேம்ப் என்கிறார்கள்) சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்ததும் போட்டிருக்கிற உடுப்பையே கழற்றி வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேண்டாம் என்றால் தானமாகக் கொடுத்துவிடலாம். உள்ளாடையிலிருந்து ஓடுவதற்கான ஷூ வரை, சோப்பு, பற்பசை உட்பட, எல்லாம் அங்கேயே கிடைக்கும். சிலவற்றின் விலையைப் பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்படியிருக்க இந்த ஏழெட்டு பனியன் எதற்கு?

துணியாவது பரவாயில்லை, வீணாகப் போகும், அவ்வளவுதான். வலி மாத்திரை, வைட்டமின் பாட்டில், ஸ்பிரே வகை ஷேவிங் ஃபோம், ஒரு சின்ன மடக்குக் கத்தி இதெல்லாமும் உள்ளே இருந்தது. கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரை, சத்து மாத்திரை, ஸ்பிரே டப்பா, கத்தி எதற்குமே அங்கே அனுமதி கிடையாது. பயிற்சிக்கென்றே விற்கிற பெட்டியில் இதை வைப்பது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பதற்றத்தோடு கிளம்புகிற பிள்ளை முதல் ராத்திரியே இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

சரி, அந்த 2 நட்சத்திரம் எதற்கு? ஒன்று, ஜிப் வைத்த ஃபைலுக்கு. கொண்டுபோக வேண்டியதில் பெரும்பகுதி காகிதம்தான், அது மடங்காமல் நனையாமல் போக வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், சம்பளம் போடுவதற்கு வங்கியின் ரூட்டிங் எண்ணும் (எந்த வங்கி என்று காட்டும் எண்) கணக்கு எண்ணும், கல்யாணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ். நம் பிள்ளைகளில் பலர் கிரீன் கார்டில் இருந்துகொண்டே சேருகிறார்கள். அவர்கள் அசல் கார்டை மறக்கவே கூடாது, குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். இத்தனையும் அந்த ஃபைலில் தாராளமாக அடங்குகிறது, அறைகள் தனித்தனியாக இருப்பதால் கேட்டதும் எடுத்து நீட்டலாம்.

இன்னொன்று முகவரி நோட்டுக்கு. உள்ளங்கை அளவுதான், கோடு போட்ட நல்ல தாள். பயிற்சி நடக்கும்போது கைபேசி கையில் இருக்காது, அம்மா நம்பரே மனப்பாடமாகத் தெரியாத காலம் இது. அதனால் எல்லா எண்களையும் வீட்டு முகவரியையும் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். கூட வந்த உறைகளில் அனுப்புநர் முகவரிக்கு இடம்விட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதை இப்போதே நிரப்பிவிடாதீர்கள். அங்கே தங்கும் கட்டடங்களைக் கப்பல் என்றே சொல்வார்கள், எந்தக் கப்பல் எந்த டிவிஷன் (பயிற்சிக் குழு) என்பது போன பிறகுதான் தெரியும், அது இல்லாமல் முகவரி முழுமையாகாது.

மற்றபடி அவனோடு போனது கொஞ்சம்தான். கான்டாக்ட் லென்ஸ் போட விடமாட்டார்கள் என்பதால் பவர் கண்ணாடி, அப்புறம் அக்கா கொடுத்த சின்ன முருகன் டாலர். மத அடையாளப் பதக்கம் சிறியதாக இருந்தால் அனுமதி உண்டு, பாக்கெட் அளவு பிரார்த்தனைப் புத்தகத்துக்கும் அப்படியே. கல்யாணமானவர்கள் மோதிரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

2025 தொடக்கத்தில் பயிற்சியை 10 வாரத்திலிருந்து 9 வாரமாகக் குறைத்திருக்கிறார்கள், விதிகளும் அவ்வப்போது மாறும். அதனால் கிட் விற்பவர் ஒட்டியிருக்கிற பட்டியலை விட்டுவிட்டு, சேர்த்துவிட்ட ரெக்ரூட்டரிடம் கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஃபைலையும் நோட்டையும் மட்டும் தனியாக விற்றால் நானே 4 நட்சத்திரம் கொடுப்பேன்.