கல்லூரிக் கருவிக்கூடத்தில் எஸ்இஎம், இடிஎஸ், எக்ஸ்ஆர்டி: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளின் மையக் கருவிக்கூடங்கள் பலவற்றுக்கு வெளியிலிருந்தும் சாம்பிள் அனுப்பலாம். அதிகம் கேட்கப்படுபவை எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய படம் எடுக்கும் எஸ்இஎம், அதோடு இணைந்து எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்ரேயைக் கொண்டு கணிக்கும் இடிஎஸ், தூளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி. மூன்றின் தரமும் ஒன்றல்ல. எக்ஸ்ஆர்டியை நம்பிக் கொடுக்கலாம். எஸ்இஎம் படம் ஆபரேட்டரின் கைத்திறனைப் பொறுத்தது. இடிஎஸ் தரும் சதவீத அட்டவணைதான் இருப்பதிலேயே பலவீனமானது. ஆனால் ஆய்வேடுகளில் அதைத்தான் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள்.

குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. சாம்பிள் என்ன, அதில் எதைத் தேடுகிறோம் என்று கேட்காமலே ஓட்டிவிடுகிறார்கள். ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) பூச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மின்சாரம் கடத்தாது என்பதால் வழக்கம்போல் தங்கம் பூசி உள்ளே வைப்பார்கள். இடிஎஸ்ஸில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் பீக் தரும்; அவற்றைக் கே, எல், எம் என்று பெயரிட்டு அழைப்பார்கள். தங்கத்தின் எம் பீக் 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வரும், பாஸ்பரஸின் கே பீக் 2.01-இல். இடிஎஸ் டிடெக்டரின் பிரிதிறனே சுமார் 0.13 என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67 வருகிறதா என்று பார்க்கத்தான் சாம்பிளே அனுப்பியிருப்பீர்கள். அந்த எண்ணே கெட்டுப்போகும். விண்ணப்பப் படிவத்தில் ‘கார்பன் பூச்சு வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. சிர்கோனியம் உள்ள சாம்பிளுக்கும் இதே கதைதான். அதன் எல் பீக் 2.04.

மாலிப்டினம் டைசல்பைடில் பூச்சை மாற்றியும் பயனில்லை. கந்தகம் 2.31, மாலிப்டினம் 2.29. கண்ணுக்கு ஒரே பீக்தான். மாலிப்டினத்தின் கே பீக் 17.5-இல் தனியாக வரும். அதைக் கிளப்ப எலக்ட்ரான் கற்றைக்கு 25 முதல் 30 கிலோவோல்ட் வேண்டும். யாரும் கேட்காவிட்டால் வழக்கமான 15 அல்லது 20-இலேயே ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு பொறி, அட்டவணையின் கூட்டுத்தொகை. ஸ்டாண்டர்டு (கலவை தெரிந்த ஒப்பீட்டுச் சாம்பிள்) இல்லாத கணக்கில் மென்பொருள் எல்லாவற்றையும் 100-க்குச் சரிக்கட்டிவிடும். ஒரு தனிமம் விட்டுப்போனாலும் கூட்டினால் 100 தான் வரும். இரண்டு தசம இலக்கம் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ள எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எஃகில் கார்பன் எவ்வளவு என்று இடிஎஸ்ஸிடம் கேட்பது வீண். மேற்பரப்பு அழுக்கின் கார்பனும் சேர்ந்து, உண்மையைவிடப் பல மடங்கு காட்டும். அதற்குத் தீப்பொறியின் ஒளியைக் கொண்டு தனிமங்களை அளக்கும் ஸ்பார்க் எமிஷன் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. நானோ துகள்களிலும் கவனம் வேண்டும். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வரை உள்ளே பரவுவதால், 100 நானோமீட்டர் துகளைக் குறிவைத்தாலும் வரும் சிக்னலில் பெரும்பகுதி அடியில் உள்ள கார்பன் டேப்பினுடையது.

எஸ்இஎம் படத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, எலக்ட்ரான் கற்றையைத் தருவது டங்ஸ்டன் ஃபிலமென்டா, இன்னும் கூர்மையான படம் தரும் ஃபீல்டு எமிஷனா என்பது. டங்ஸ்டன் கருவியின் கையேட்டில் பிரிதிறன் 3 நானோமீட்டர் என்று போட்டிருந்தாலும், அன்றாடச் சாம்பிளில் 50,000 மடங்கு உருப்பெருக்கத்தைத் தாண்டினால் மங்கத் தொடங்கும். ஆபரேட்டர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும்போது துகள்கள் ஒரு பக்கம் இழுபட்டு, பிறகு அதற்குச் செங்குத்தான திசையில் இழுபட்டால் அது அஸ்டிக்மேட்டிசம், அதாவது கற்றை சரியான வட்டமாக இல்லாத குறை. அதைச் சரிசெய்த பிறகே படம் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஸ்லாட் (ஒதுக்கிய நேரம்) முடியும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான். தூள் சாம்பிளை எத்தனாலில் கலக்கி, ஒரு சொட்டு விட்டு உலர்த்திக் கொடுப்பது நல்லது. டேப்பில் அள்ளிக் கொட்டிய தூள் வெற்றிடத்தில் கிளம்பிக் கருவிக்குள் போய்விடும் என்பதால் அதை வாங்க மறுக்கும் கூடம் பொறுப்பான கூடம்.

எக்ஸ்ஆர்டி சேவை பொதுவாகத் திருப்தி தருகிறது. ஒரு கிராம் தூள், 45 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்தது, போதும். ஆனால் ஹோல்டரில் தூளின் மேல்மட்டம் சரியாக நிற்க வேண்டும். கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் ஆரம் 200 மில்லிமீட்டர் என்றால், மேல்மட்டம் 0.1 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே பீக்குகள் ஏறக்குறைய 0.06 டிகிரி இடப்புறம் நகரும். அந்த நகர்வைப் பார்த்து ‘சேர்த்த அயனி படிகத்துக்குள் நுழைந்துவிட்டது’ என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். சாம்பிளோடு கொஞ்சம் சிலிக்கான் தூளைக் கலந்து கொடுங்கள். அதன் முதல் பீக் 28.44 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இது செம்பு எக்ஸ்ரே குழாய்க்கான கணக்கு. இரும்பு, கோபால்ட் நிறைந்த சாம்பிளைச் செம்புக் குழாயில் ஓட்டினால் ஃப்ளூரசன்ஸால் (சாம்பிளே எக்ஸ்ரே உமிழ்வதால்) பின்னணி எழும்பிச் சிறிய பீக்குகள் அதில் மூழ்கிவிடும். வேண்டிய அலைநீளத்தை மட்டும் விடும் மோனோகுரோமேட்டர் உண்டா, டிடெக்டரின் ஆற்றல் வரம்பை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பீக்கின் அகலத்திலிருந்து படிக அளவைக் காணும் ஷெரர் கணக்குப் போடுபவர்கள், அதே அமைப்பில் எடுத்த லாந்தனம் ஹெக்சாபோரைடு (ஒப்பீட்டுத் தூள்) தரவையும் கேட்டு வாங்க வேண்டும். கருவி தரும் அகலத்தைக் கழிக்காத படிக அளவுக்கு மதிப்பில்லை.

முடிவை வெறும் படமாக மட்டும் தரும் கூடங்களைத் தவிர்க்கவும். ஸ்மூத் செய்து, பின்னணியைக் கழித்த வரைபடத்திலிருந்து மூலத் தரவை மீட்க முடியாது. கோணமும் கவுண்ட்டும் உள்ள எழுத்துக் கோப்பு, இடிஎஸ்ஸில் ஸ்பெக்ட்ரம் கோப்பு இரண்டும் உங்களுக்கு உரியவை.

கருவி நின்றுபோனால் காத்திருப்பு நீளும். எக்ஸ்ரே குழாயைக் குளிர்விக்கும் சில்லரில் நீரோட்டம் குறைந்தால் கருவி தானாகவே நின்றுவிடும். ஃபீல்டு எமிஷன் எஸ்இஎம்மில் நீண்ட மின்தடையால் வெற்றிடத்தைக் காக்கும் அயன் பம்ப் நின்றால், வெற்றிடம் மீளச் சில நாட்கள்கூட ஆகலாம். யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதை ஸ்லாட் போடும் முன்பே விசாரிப்பது நல்லது.

ஆராய்ச்சிக்கும் உற்பத்திக் கோளாறின் காரணத்தைத் தேடவும் இந்தக் கூடங்கள் தாராளமாகப் போதும். வாடிக்கையாளரோடு தகராறு, நீதிமன்றச் சான்று என்று வந்தால், குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கே ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (சோதனை ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். கூடத்துக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது. அங்கீகாரப் பட்டியலில் அந்தச் சோதனை முறையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாம்பிளை அனுப்புங்கள்.