மூலக்கூறு மாடல் பெட்டி: இரண்டு மாதம் வைத்துப் பாடம் நடத்திய பிறகு

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பலகையில் மீத்தேனை வரைந்தால் கூட்டல் குறி மாதிரி தட்டையாகத்தான் வரும். பிணைப்புக் கோணம் (இரண்டு பிணைப்புகளுக்கு இடையே உள்ள கோணம்) 109.5 டிகிரி என்று எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் மனதில் நிற்பது 90தான். அதற்காகவே, அணுக்களுக்குப் பதிலாக உருண்டைகளைக் குச்சிகளால் கோத்து மூலக்கூறு செய்யும் இந்தப் பெட்டியை 690 ரூபாய்க்கு வாங்கினேன்.

கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு. 1865இல் லண்டனில் வேதியியலாளர் ஹாஃப்மன் பந்துகளைக் கோத்துக் காட்டியபோது வைத்த அதே நிறங்கள். அவருடைய மீத்தேனும் தட்டையாகத்தான் இருந்தது! 1874இல் வான்ட் ஹாஃப், லெ பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சொன்ன பிறகுதான் கார்பனுக்கு நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட) வடிவம் வந்தது. இந்தப் பெட்டியில் கறுப்பு உருண்டையின் துளைகளே அந்தக் கோணத்தில் இருப்பதால், குச்சியைச் செருகினாலே வடிவம் சரியாக அமைகிறது.

பெட்டியின் முழு மதிப்பும் எனக்குத் தெரிந்தது லாக்டிக் அமிலப் பாடத்தில். ஒரு மூலக்கூறு செய்து, அதைக் கண்ணாடி முன் வைத்து, கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்து இன்னொன்று செய்யச் சொன்னேன். ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்த ஒரு மாணவி கால்மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சேரவே மாட்டேங்குது மிஸ், வலது கால் செருப்பை இடது காலில் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். சமச்சீரற்ற கார்பனுக்கு, அதாவது நான்கு பக்கமும் வெவ்வேறு தொகுதிகள் சேர்ந்த கார்பனுக்கு, இதைவிட நல்ல விளக்கத்தை நான் சொன்னதில்லை. அப்புறம் இரண்டையும் பிரித்து, அதே உருண்டைகளில் ஒரு குளுக்கோஸ் கோக்கச் சொன்னேன். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஒரு உருண்டை கூட மிஞ்சவில்லை. பால் தயிராகும்போது பாக்டீரியா ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக்கும் கணக்கை அவர்களே பிடித்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. இரட்டைப் பிணைப்புக்கான வளையும் இணைப்புகள் நான்குதான் தந்திருக்கிறார்கள். ஒரு இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு வீதம் பென்சீனுக்கு ஆறு வேண்டும். ஆறு இருந்தாலும், பென்சீனில் கார்பன்களுக்கு இடையே எல்லாப் பிணைப்பும் ஒரே நீளம், 139 பிக்கோமீட்டர், என்பதை இந்த மாடல் காட்டாது. அதை வாயால்தான் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் துளைகளும் 109.5 டிகிரிதான். நீரின் உண்மையான கோணம் 104.5. குச்சிகள் வேறு மிக இறுக்கம், கழற்றினால் விரல் நோகிறது.

ஐந்துக்கு நான்கு தருவேன். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இரண்டு பெட்டியாக வாங்குங்கள், ஒரு பெட்டியில் ஒரே ஒரு குளுக்கோஸ்தான் கோக்க முடியும்.